புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: 12 வாரத்தில் வாழ்க்கையைக் கொஞ்சம் லேசாக்கிக்கொள்வது எப்படி?

ஒரு ராத்திரி உட்கார்ந்து 11 தீர்மானங்கள் எழுதினேன். விடியற்காலையில் எழுவது, தியானம், ஓட்டம், தினம் 30 பக்கம் வாசிப்பு, கோபப்படாமல் இருப்பது, புது மொழி ஒன்று கற்பது என்று போனது பட்டியல். பதினொன்றாவது: ‘எப்போதும் மகிழ்ச்சியாக இருப்பது’. 9 நாள் தாங்கியது. 10ஆம் நாள் வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது. இதே கூத்தை இரண்டு வருடத்தில் நான்கு முறை நடத்தினேன். நடுவில் ஓர் ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டினேன், மூன்று செயலிகளுக்குச் சந்தா கட்டினேன். அவற்றில் ஒன்றின் சந்தாவை ரத்து செய்ய மறந்து, இன்னொரு வருடத்துக்கும் சேர்த்து அழுதேன்.

ஐந்தாவது முறைதான் ஏதோ ஒட்டியது. அப்போது திரும்பிப் பார்த்ததில் தெரிந்தது, நான்கு முறையும் எதை முதலில் செய்ய வேண்டும் என்ற வரிசை தெரியாமல்தான் விழுந்திருக்கிறேன் என்று. தூக்கம் சரியில்லாதவன் விடியற்காலையில் எழுந்து தியானம் செய்தால் என்ன ஆகும்? உட்கார்ந்தபடியே தூங்குவான். நான் தூங்கினேன்.

அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். தேவையானவை, செலவு, எத்தனை நாள் ஆகும், எங்கே வழுக்கும் எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சாதாரண நோட்டு. அழகான அட்டை போட்டது வேண்டாம். அதில் கிறுக்க மனசு வராது, காலியாகவே கிடக்கும். ஒரு பேனா. போனில் இல்லாத, தனியான ஓர் அலாரம் கடிகாரம். இது ஏன் என்று மூன்றாம் படியில் சொல்கிறேன். அவ்வளவுதான். இந்த மூன்றுக்கும் மேல் காசு செலவழிக்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், முதல் 12 வாரத்துக்கு அவரைத் தள்ளி வையுங்கள்.

நேரக் கணக்கு: முதல் வாரம் ஒரு நாளைக்கு 5 நிமிடம். அப்புறம் போகப்போகத் தினம் 30 முதல் 40 நிமிடம் வரை ஆகும். அந்த நேரம் எங்கிருந்து வரும் என்று இப்போதே கவலைப்பட வேண்டாம். இரண்டாம் படி முடியும்போது அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

1. இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று அளந்து வையுங்கள் (முதல் நாள், 10 நிமிடம்)

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நான் நான்கு முறையும் தாண்டிப் போனேன். அதனால் ‘இப்போது பரவாயில்லையா, மோசமா’ என்று கேட்டால் அன்றைய மனநிலையை வைத்துத்தான் பதில் சொல்ல முடிந்தது. எரிச்சலான நாளில் எல்லாமே வீண் என்று தோன்றும். தோன்றியதும் விட்டுவிடுவேன்.

இதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் 1998 முதல் புழக்கத்தில் இருக்கும் ஐந்து கேள்வி அளவுகோல் ஒன்று இருக்கிறது. பணம் கிடையாது, மருத்துவர்களும் ஆய்வாளர்களும் பயன்படுத்துவதுதான். கடந்த இரண்டு வாரத்தை மட்டும் மனதில் வைத்து ஐந்து விஷயங்களுக்கு மதிப்பெண் போட வேண்டும்: மனம் உற்சாகமாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, உடம்பில் சுறுசுறுப்பு இருந்ததா, காலையில் எழும்போது தெளிவாக எழுந்தேனா, அன்றாட வாழ்க்கையில் எனக்குப் பிடித்த விஷயங்கள் இருந்தனவா. ‘ஒருபோதும் இல்லை’ என்றால் 0, ‘எல்லா நேரமும்’ என்றால் 5. ஐந்தையும் கூட்டி 4ஆல் பெருக்குங்கள். 100க்கு ஓர் எண் வரும். அதை நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதிவையுங்கள். ஐந்து பதில்களையும் தனித்தனியாகவும் குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

எனக்கு வந்தது 36.

இங்கே ஓர் எச்சரிக்கை. 50 அல்லது அதற்குக் கீழே வந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது என்பதுதான் அந்த அளவுகோலின் பொதுவான விதி. நான் 36ஐப் பார்த்துவிட்டு முதலில் ஒரு மருத்துவரிடம் போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவர் இன்னும் சில கேள்விகள் கேட்டார், ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும்கூட மனிதன் இப்படித்தான் சோர்ந்து கிடப்பான் என்றார். எனக்கு அவை இல்லை. உங்களுக்கு இருக்கலாம். இருந்தால் இந்தக் கட்டுரையைவிட ஒரு மாத்திரை அதிகம் உதவும்.

இன்னொன்று. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்து போகிறதென்றால் இந்த 12 வாரக் கணக்கு உங்களுக்கானதல்ல. இன்றைக்கே ஒரு மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ பேசுங்கள். நெருங்கியவர் ஒருவரிடமும் சொல்லிவையுங்கள். நோட்டு, நடை எல்லாம் அப்புறம்.

2. ஏழு நாள் எதையும் மாற்றாமல் குறித்து வாருங்கள் (முதல் வாரம், தினம் 5 நிமிடம்)

ஒரு பக்கத்தில் ஆறு கட்டம் போடுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், வெளியே வெளிச்சத்தில் இருந்த நிமிடங்கள், நடந்த நிமிடங்கள், வேலை விஷயம் தவிர்த்து மனம்விட்டுப் பேசிய ஆள், போன் திரை பார்த்த நேரம். கடைசியில் அன்றைய நாளுக்கு 10க்கு ஒரு மதிப்பெண். திரை நேரத்தை உங்கள் போனே கணக்கு வைத்திருக்கும், அமைப்புகளுக்குள் தேடினால் கிடைக்கும். மனக்கணக்கில் எழுதாதீர்கள். ஒன்றரை மணி நேரம் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன், போன் 4 மணி 10 நிமிடம் என்றது. கொஞ்ச நேரம் போன் மேல்தான் கோபம் வந்தது.

இந்த வாரத்தில் எல்லோரும் செய்யும் தப்பு, கட்டத்தைப் பார்த்ததும் திருந்த ஆரம்பிப்பது. எடை பார்க்கும் முன் பட்டினி கிடப்பது மாதிரி அது. உண்மையான வாரம் வேண்டும். அசிங்கமாக இருந்தாலும் அதுதான் வேண்டும்.

ஏழாம் நாள் மதிப்பெண் வரிசையைப் பாருங்கள். மூன்று மிக மோசமான நாள்களை வட்டமிட்டு, அவற்றுக்கு முந்தைய இரவில் என்ன நடந்தது என்று தேடுங்கள். என்னுடைய மூன்று மோசமான நாள்களுக்கும் முந்தைய இரவு ஒரு மணிக்கு மேல் படுத்திருந்தேன். அதுவரை என் மேலதிகாரியின் முகம்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பாவம் அவர். (முழுக்கப் பாவமும் இல்லை, அது வேறு கதை.)

உங்களுக்குத் தூக்கம் காரணமாக இல்லாமல் இருக்கலாம். பேசிய ஆள் கட்டம் ஏழு நாளும் காலியாக இருக்கலாம். அப்படி இருந்தால் ஐந்தாம் படியை முன்னால் கொண்டுவரலாம். சந்தேகமாக இருந்தால் தூக்கத்திலிருந்தே தொடங்குங்கள், அதில் நஷ்டம் கிடையாது.

3. தூக்கத்தைச் சரிசெய்யுங்கள் (2 முதல் 4ஆம் வாரம் வரை)

மூன்று வாரத்துக்கு இது ஒன்றுதான் வேலை. வேறு எதையும் தொடாதீர்கள், அகலக்கால் வைக்க வேண்டாம். ‘மூன்று வாரம் வெறும் தூங்குவதற்கா’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் வாழ்க்கையே அலுத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, தீராத தூக்கக் கடன்.

எத்தனை மணி நேரம் வேண்டும்? 18 முதல் 60 வயது வரை உள்ளவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015இல் பரிந்துரைத்தன. ‘எனக்கு ஐந்து மணி நேரம் போதும்’ என்பவர்களில் பெரும்பாலானோர் அந்தக் களைப்புக்குப் பழகிப்போனவர்கள். நானும் அப்படிப் பெருமை பேசியவன்தான்.

முதல் மாற்றம்: எழும் நேரத்தைக் கட்டிப்போடுங்கள். படுக்கும் நேரத்தை அல்ல. படுத்தால் தூக்கம் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் குறிப்பிட்ட நேரத்தில் எழுந்திருக்க முடியும். விடுமுறை நாளிலும் அதே நேரம், கூடிப்போனால் ஒரு மணி நேரம் தள்ளலாம். விடுமுறையில் மதியம் வரை தூங்கிவிட்டால் அன்று ராத்திரி தூக்கம் வராது, மறுநாள் வேலை நாளில் அதற்குத் தண்டம் கட்டுவீர்கள்.

படுக்கும் நேரத்தை ஒரே நாளில் இரண்டு மணி நேரம் முன்னால் இழுக்காதீர்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை 15 நிமிடம். ஒரு மணிக்குப் படுக்கும் ஆள் 11 மணிக்கு வந்து சேர 24 நாள் ஆகும். மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும், போகட்டும். எழுந்ததும் 10, 15 நிமிடம் வெளியே போய் வெளிச்சத்தில் நில்லுங்கள். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் காலை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது. அந்த வெளிச்சம் கிடைத்தால் ராத்திரி தூக்கமும் முன்கூட்டியே வரும்.

காபி, டீ விஷயத்தில் நான் ரொம்ப நாள் ஏமாந்தேன். ‘சாயந்தரம் காபி குடித்தும் எனக்குத் தூக்கம் வருகிறதே’ என்பேன். காஃபினில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகிறது, ஆளுக்கு ஆள் இது மாறும். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் காஃபின் எடுத்துக்கொண்டவர்களுக்கே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. தூக்கம் வரத்தான் செய்கிறது, அளவு குறைந்துபோகிறது. மதியத்துக்கு மேல் நிறுத்திப் பாருங்கள். முதல் மூன்று நாள் தலைவலி வரலாம், அப்புறம் போய்விடும். மதுவும் அப்படித்தான். சீக்கிரம் தூங்க வைப்பது போலிருக்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும்.

அந்தத் தனி அலாரம் கடிகாரம் இங்கேதான் வேலைக்கு வருகிறது. போன் படுக்கையறைக்கு வெளியே தூங்க வேண்டும். ‘அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைக்கிறேன்’ என்ற ஒரே சாக்கை அந்தக் கடிகாரம் எடுத்துவிடும். இரவில் அவசர அழைப்பு வரக்கூடிய வீடு என்றால் சத்தத்தைக் கூட்டி அடுத்த அறையில் வையுங்கள். மணி கேட்கும், கை எட்டாது.

படுத்தபின் மறுநாள் வேலைகள் தலைக்குள் சுற்றுகிறதா? நோட்டை எடுத்து 5 நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதுங்கள். 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிந்த வேலைகளை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. ‘வேலையை முடிக்கணும்’ என்று எழுதினால் பலிக்காது. யாருக்கு, என்ன, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள்.

20 நிமிடம் புரண்டும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது சலிப்பூட்டும் புத்தகத்தைப் படியுங்கள். கண் சொருகும்போது மறுபடி படுங்கள். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுங்கள். நேரம் பார்த்துப் பார்த்துத்தான் பாதித் தூக்கம் போகிறது.

குறட்டை பலமாக இருந்து, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண்ணைச் சுழற்றினால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். அதை எந்த நோட்டும் சரிசெய்யாது. ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் படி முழுதாகப் பொருந்தாது. உங்களுக்கு நடக்கிற அளவுக்கு எடுத்துக்கொண்டு, மீதிக்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாமல் அடுத்ததற்குப் போங்கள்.

4. நடங்கள் (5, 6ஆம் வாரம்)

இதில் சொல்ல அதிகம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பு. தினம் 22 நிமிடம் வேகமாக நடந்தாலே கீழ் எல்லையைத் தொட்டுவிடலாம். அதைவிடக் குறைவாக நடந்தாலும் சும்மா இருப்பதைவிட மேல் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

‘தினமும் நடப்பேன்’ என்று எழுதாதீர்கள். ‘மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவேன்’ என்று எழுதுங்கள். ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முடிச்சுப் போட்டு வைத்தால் தீர்மானம் நிலைக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலேயே பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். மழை நாளுக்கும் ஒரு முடிச்சு போட்டுவையுங்கள்: மழை பெய்தால் மாடிப்படி.

வழுக்கும் இடம்: வருடச் சந்தா கட்டி ஜிம்மில் சேர்வது. பணம் கட்டினால் போகாமல் இருக்க மாட்டோம் என்று நினைப்போம். நான் கட்டினேன், ஆறு முறை போனேன். 12 வாரம் நடந்து காட்டிய பிறகு வேண்டுமானால் சேருங்கள்.

5. மனிதர்களிடம் திரும்பிப் போங்கள் (7 முதல் 9ஆம் வாரம் வரை)

எனக்கு மிகக் கஷ்டமாக இருந்த படி இதுதான். பலன் அதிகம் கொடுத்ததும் இதுதான்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கிய ஓர் ஆய்வு இன்றும் நடக்கிறது. 268 கல்லூரி மாணவர்களும், பாஸ்டன் நகரத்தின் ஏழ்மையான பகுதிகளிலிருந்து 456 சிறுவர்களும் அதில் இருந்தார்கள். வாழ்நாள் முழுக்க அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். ஐம்பது வயதில் தங்கள் உறவுகளில் நிறைவாக இருந்தவர்களே எண்பதிலும் ஆரோக்கியமாக இருந்தார்கள். எண்பதில் எப்படி இருப்பார்கள் என்பதைக் கொலஸ்ட்ரால் அளவைவிட அந்த நிறைவு நன்றாகக் காட்டியது. அத்தனை பேரும் அமெரிக்க ஆண்கள், அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முதலில் ஒதுக்கப் பார்த்தேன். ஆனால் என் ஏழு நாள் கட்டத்தில் ‘பேசிய ஆள்’ வரிசையில் ஐந்து நாள் கோடு இழுத்திருந்தது. அதற்கு மேல் ஆய்வைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

செய்ய வேண்டியது இது. நோட்டில் மூன்று பத்திகள். முதலாவதில், ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கக்கூடியவர்கள். எனக்கு இரண்டு பேர். இரண்டாவதில், ஒரு காலத்தில் நெருங்கியிருந்து சண்டை எதுவும் இல்லாமலே விலகிப்போனவர்கள். மூன்றாவதில், அடிக்கடி பார்த்தும் பெயர்கூடத் தெரியாதவர்கள்: அதே நேரத்தில் நடைக்கு வருபவர், அடுத்த மேஜைக்காரர்.

இரண்டாம் பத்தியிலிருந்து தொடங்குங்கள். வாரத்துக்கு இருவர், ஆளுக்கு ஒரு செய்தி. நான் அனுப்பிய முதல் செய்தியை அப்படியே தருகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்: ‘டேய், ஹாஸ்டல் மாடியில் நீ கிடார் கத்துக்கிறேன்னு எங்களை அழ வைச்சது இன்னைக்கு ஞாபகம் வந்துச்சு. ஒண்ணுமில்லை, சும்மாதான் எழுதறேன். நல்லா இருக்கியா?’ ஒரு குறிப்பான ஞாபகம் இருக்க வேண்டும். ‘சும்மாதான்’ என்ற வார்த்தையும் இருக்க வேண்டும். ரொம்ப நாள் கழித்து வரும் செய்தி என்றாலே கடன் கேட்கவோ கல்யாணப் பத்திரிகை வைக்கவோ என்றுதான் யாருக்கும் தோன்றும்.

‘இத்தனை வருடம் கழித்து எழுதினால் என்ன நினைப்பார்கள்’ என்ற தயக்கம் உங்களுக்கு மட்டும் இருப்பதில்லை. 2022இல் வெளியான, 5,900க்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்த ஆராய்ச்சி ஒன்றில், இப்படித் திடீரென்று தொடர்பு கொள்வதை எதிராளி எவ்வளவு விரும்புவார் என்பதை அனுப்புகிறவர்கள் தொடர்ந்து குறைத்தே மதிப்பிட்டார்கள். எதிர்பாராமல் வந்தால் மகிழ்ச்சி இன்னும் கூடியது.

நான் அனுப்பிய ஆறு செய்திகளில் நான்குக்கு அன்றைக்கே பதில் வந்தது. ஒன்றுக்கு 19 நாள் கழித்து வந்தது, அதுவும் நீளமான குரல் செய்தி. அவன் அப்பா இறந்திருந்தார், எனக்குத் தெரியாது. ஆறாவதுக்கு இன்றுவரை பதில் இல்லை. பதில் வராத ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் மனசு ஒடிந்து கிடந்தேன். அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். அனுப்பியதை மட்டும் நோட்டில் ‘டிக்’ செய்யுங்கள். பதிலுக்குக் கட்டமே போட வேண்டாம்.

பதில் போட்டவர்களில் ஒருவரோடு நிரந்தரமான நேரம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு நாள் பார்க்கலாம்’ என்று சொன்ன எந்த நாளும் வந்ததில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு சாயந்தரம் அரை மணி நேரம் போன் பேச்சு என்று வைத்தால் நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் நாள் பார்க்க வேண்டியதில்லை என்பதால்தான் நடக்கிறது.

முதல் பத்தியில் யாருமே இல்லையென்றால் பயப்படாதீர்கள், நிறையப் பேருக்கு அப்படித்தான். மூன்றாம் பத்தியில் ஒருவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது போதும், இந்த மாதத்துக்கு.

6. போனை வேலைக்காரனாக வையுங்கள் (10ஆம் வாரம்)

செயலிகளை ஆவேசமாக அழிக்காதீர்கள், மூன்றாம் நாள் திரும்ப இறக்குவீர்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து அறிவிப்புகளை அணையுங்கள். மனிதர்கள் அனுப்புவது மட்டும் மணி அடிக்கட்டும், நிறுவனங்கள் அனுப்புவது எல்லாம் வாய் மூடட்டும். அதிகம் தின்னும் ஒரு செயலியிலிருந்து வெளியேறி, ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் அடித்து உள்ளே போகும்படி வையுங்கள். எனக்கு இது ஒன்றிலேயே 4 மணி நேரம் இரண்டேகாலாகக் குறைந்தது. தொடக்கத்தில் தேடிய அந்த 40 நிமிடம் இங்கேதான் இருந்தது.

7. நன்றிக் குறிப்பு: வாரத்துக்கு ஒரு முறை போதும் (11ஆம் வாரம்)

‘தினமும் மூன்று நல்ல விஷயம் எழுது’ என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். நானும் எழுதினேன். இரண்டாம் வாரமே ‘நல்ல வெயில், நல்ல தூக்கம், நல்ல பாட்டு’ என்று பள்ளிக்கூட இம்போசிஷன் மாதிரி ஆகிவிட்டது. 2005இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதற்கு விளக்கம் இருந்தது. வாரத்துக்கு ஒரு முறை எழுதியவர்களுக்கு மனநிலை உயர்ந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்கு உயரவில்லை. கடமையாகிப் போனால் சுவை போய்விடும் போல.

அதனால் வாரம் ஒரு நாள். ஒரே விஷயம். அதில் ஒரு மனிதர் இருக்க வேண்டும், அவர் என்ன செய்தார் என்று மூன்று வரி இருக்க வேண்டும். முடிந்தால் அதை அவருக்கே அனுப்பிவிடுங்கள். ஐந்தாம் படியின் வேலையும் சேர்ந்து நடந்துவிடும்.

8. பணத்தை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

இதற்குத் தனி வாரம் இல்லை. 2008இல் வெளியான ஒரு பரிசோதனையில், சிலரிடம் கொஞ்சம் பணம் கொடுத்து அன்று சாயந்தரத்துக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். பிறருக்காகச் செலவழித்தவர்கள் தங்களுக்கே செலவழித்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். தொகை சிறிதா பெரிதா என்பது வித்தியாசம் செய்யவில்லை. 2017இல் வந்த இன்னொன்று, வெறுப்பான வேலைகளைக் காசு கொடுத்துச் செய்வித்து நேரத்தை மிச்சம் பிடிப்பவர்கள் கூடுதல் நிறைவோடு இருப்பதைக் காட்டியது. கையில் காசு இருந்தால் இந்த இரண்டிலும் போடலாம். இல்லையென்றாலும் மேலே சொன்ன ஏழு படிகளுக்கும் அது தேவையில்லை.

போடக்கூடாத இடம்: ‘21 நாளில் புது மனிதன்’ என்று விற்கப்படும் எதுவும்.

9. தவறிப்போன நாள்களை என்ன செய்வது

என்னைக் கவிழ்த்ததில் அந்த 21 நாள் கணக்குக்கும் பங்கு உண்டு. 21 நாளில் பழகிவிட வேண்டும், கஷ்டம் குறையவே இல்லையென்றால் என்னிடம்தான் கோளாறு என்று நினைத்தேன். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009இல் வெளியிட்ட முடிவு வேறு. ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை.

கடைசி வாக்கியத்தை நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள். ஒரு நாள் தவறினால் அது வெறும் ஒரு நாள். தொடர்ந்து இரண்டு நாள் தவறக்கூடாது என்பது நானே வைத்துக்கொண்ட விதி, அதற்கு ஆய்வு ஆதாரம் எதுவும் கேட்காதீர்கள். காய்ச்சல், பயணம், வீட்டில் துக்கம் என்றால் எழும் நேரத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டு மற்றதை விட்டுவிடுவேன். திரும்பி வரும்போது விட்ட இடத்தில் சேர்ந்துகொள்வேன். விட்ட நாள்களுக்கு ஈடுகட்டி இரண்டு மடங்கு நடப்பதெல்லாம் வேண்டாம். அது பழைய 11 தீர்மானக்காரனின் புத்தி.

கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். ‘என்ன, இப்பல்லாம் 11 மணிக்கே கோழி மாதிரி அடைஞ்சிடறே’ என்று என்னையும் சொன்னார்கள். விளக்கம் சொல்லப் போகாதீர்கள். நான் விளக்கப் போய் ஒரு மணி நேரம் விவாதம் நடந்து, அன்றைக்குத் தூக்கம் போனது.

10. மறுபடி அளவெடுங்கள் (12ஆம் வாரக் கடைசி, 10 நிமிடம்)

அதே ஐந்து கேள்விகள், அதே முறை. பழைய பதில்களைப் பார்க்காமல் போடுங்கள், பார்த்தால் கை தானாகக் கூட்டிப் போடும். 100க்கு 10 புள்ளியாவது மாறியிருந்தால் அதை உண்மையான மாற்றமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது இந்த அளவுகோலைப் பயன்படுத்துபவர்களின் வழக்கம். நான்கு புள்ளி ஏறி இறங்குவதில் அர்த்தம் தேட வேண்டாம்.

எண் அசையவே இல்லையா? அப்போது முதலில் நோட்டைப் புரட்டி, படிகள் உண்மையிலேயே நடந்தனவா என்று பாருங்கள். நடந்தும் அசையவில்லை என்றால், அல்லது இறங்கியிருந்தால், அந்த நோட்டோடு மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போங்கள். 12 வாரத் தூக்கக் கணக்கும் மதிப்பெண்ணும் கையில் இருந்தால், முதல் சந்திப்பில் ‘எத்தனை நாளாக இப்படி இருக்கிறது’ என்று கேட்டுத் தடுமாறும் நேரம் மிச்சமாகும்.

கடன், கொடுமையான வீடு, தாங்க முடியாத வேலை என்று வெளியே ஒரு காரணம் உட்கார்ந்திருந்தால் இந்தப் படிகள் அதை நகர்த்தாது. அதை எதிர்கொள்ளக் கொஞ்சம் தெம்பு தரும், அவ்வளவுதான். அதற்கு மேல் சொன்னால் நானும் அந்த ஆன்லைன் வகுப்புக்காரர் ஆகிவிடுவேன்.

என் 36 அன்றைக்கு 60 ஆகியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தபோது நான்கு பதில்கள் ஏறியிருந்தன. காலையில் தெளிவாக எழுவது 1லிருந்து 4க்குப் போயிருந்தது. ‘அன்றாட வாழ்க்கையில் பிடித்த விஷயங்கள் இருந்தனவா’ மட்டும் அதே 2இல் நின்றது. தூங்கியிருந்தேன், நடந்திருந்தேன், பேசியிருந்தேன், ஆனால் எனக்கே எனக்கென்று பிடித்த எதையும் செய்திருக்கவில்லை. புதுப் பக்கம் திருப்பி, தேதி போட்டு, ஆறு கட்டத்தோடு ஏழாவதாக ஒன்று சேர்த்தேன். அதற்குத் தலைப்பு ‘கிடார்’. அந்த ஹாஸ்டல் மாடிக்காரன் வாரம் ஒரு முறை போனில் சொல்லித்தருகிறான். இப்போது அழுவது என் வீட்டுக்காரர்கள்.